கும்பத்து நீரும் கிள்ளான் ஆறும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

நீரின்றி நடைபெறும் வழிபாடு ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை என்னும் விடையே கிடைக்கும். கால் கழுவி உள்ளே நுழைவது முதல், தீர்த்தம் பெற்று வெளியே வருவது வரை அடியார் ஒருவரின் ஆலயப் பயணம் முழுவதும் நீரினால் கோக்கப்பட்டிருக்கிறது. வேள்விச் சாலையில் கும்பம் நிறுத்தப்படும்போது சிவாசாரியார் அதன் நீரில் கங்கை, யமுனை, கோதாவரி, சரசுவதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு ஆறுகளையும் எழுந்தருளுமாறு வேண்டுகிறார். அவை வந்து நிறைகின்றன என்பது அடியார்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எவ்விதக் குறைவும் இன்றி இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். அந்த ஏழு ஆறுகளையும் ஏற்றுக்கொள்வதற்காகக் கும்பத்தில் முதலிலேயே ஊற்றி வைக்கப்பட்ட நீர் எந்த ஆற்று நீர்?

பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் உள்ள ஆலயங்களின் குழாய்களில் வரும் நீரின் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. லங்காட் ஆறும் தன் பங்கைத் தருகிறது. கிள்ளான் ஆற்றின் தலைப்பகுதியில் 1958-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை இன்றும் பயன் தருகிறது. இவை போதாமற்போகவே, பகாங் மாநிலத்துச் செமாந்தான் ஆற்று நீரையும் தித்திவாங்சா மலைத்தொடரின் அடியில் 44.6 கிலோமீட்டர் நீளத்திற்குக் குடைந்த சுரங்கத்தின் வழியாகச் சிலாங்கூருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அச்சுரங்கம் 2014-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. பகீரதன் தவத்தால் கங்கை இறங்கி வந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, மலையைத் துளைத்து ஓர் ஆறு வருவது வியப்பாக இராது. ஆயினும் அதன் பெயரையாவது அறிந்திருக்க வேண்டாமா? காவிரியின் பிறப்பிடம் தலைக்காவிரி என்று இங்குள்ள பலரும் சொல்வர். கிள்ளான் ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் மண்டபம் சற்று நேரம் அமைதியாகிவிடும்.

கோலாலம்பூருக்கு வடகிழக்கே, வெண்பளிங்குக் கற்பாறை முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் மலைக்காட்டில் அவ்வாறு பிறக்கிறது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்தருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோம்பாக், பத்து, அம்பாங், கெராயோங், பெஞ்சாலா, டாமன்சாரா முதலிய ஆறுகள் வழியில் அதனுடன் சேர்கின்றன. கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் இடத்தில்தான் நகரம் தோன்றியது. கோலாலம்பூர் என்னும் பெயருக்கே சேற்று ஆற்றின் கூடுமுகம் என்பதுதான் பொருள். தமிழ் மரபில் கூடுமுகம் என்றால் கூடுதுறை, திருமுக்கூடல், தீர்த்தம், கோயில் என்று மனம் செல்லும். இங்கும் அப்படியே அக்கூடுமுகத்தில் வழிபாட்டிடம் ஒன்று நிற்கிறது. 1909-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜாமெக் பள்ளிவாசல் அது. ஆறுகள் கூடுமிடத்தில் இறைவனை நினைப்பது மனித இனத்துக்கே பொதுவான இயல்பு போலும்.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் துன் எச். எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். காயாரோகணம் பிள்ளையின் மைந்தர் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் 1873-இல் தோற்றுவித்த இவ்வாலயத்திலிருந்துதான் ஒவ்வொரு தைப்பூசத்தின்போதும் முருகப் பெருமானின் வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. இந்த இரதத்தின் பாதையை ஆற்றின் கண்கொண்டு பார்ப்பவர் மிகச் சிலரே. கிள்ளான் ஆற்றங்கரையருகே புறப்படும் இரதம் வடக்கு நோக்கிச் சென்று பத்து ஆற்றங்கரையில் நிலைகொள்கிறது. அதாவது முருகன் நீரோட்டத்திற்கு எதிராக மேல்நோக்கி எழுந்தருளுகிறான். அங்கே காவடியேந்தும் அடியார்கள் பத்து ஆற்றங்கரையில் நீராடிய பின்னரே 272 படிகளை ஏறுகின்றனர். அவர்களை நனைத்த அந்நீர் பத்து ஆற்றோடு ஓடிக் கோம்பாக்கில் சேர்ந்து, கூடுமுகத்தில் கிள்ளானாகி, மாரியம்மன் ஆலயத்தின் பக்கமாகவே கடந்து, பிரிக்பீல்ட்சைத் தாண்டிக் கிள்ளான் நகரை நோக்கிப் போகிறது. இரதம் இறைவனைச் சுமந்து மேலே செல்ல, ஆறு அடியார்களின் நீராட்டைச் சுமந்து கீழே வருகிறது. அந்த நீரோடு வேறு எவையெல்லாம் வருகின்றன என்பது பின்னர் பேச வேண்டிய செய்தி.

இனிப் பருவங்களைப் பற்றி. பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும், ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகவும் பகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். காவிரியும் வையையும் பாயும் நாட்டில் கண்டறிந்த பகுப்பு இது. தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் கப்பலேறி வந்த மக்கள் தம் தகரப் பெட்டியில் வேட்டி சேலையோடு இந்த நாட்காட்டியையும் கொண்டுவந்தனர். திருவிழாக்கள் அந்நாட்காட்டிப்படியே இன்றும் நடைபெறுகின்றன. ஆனால் வானம் அதன்படி நடக்கவில்லை.

எடுத்துக்காட்டாகச் சித்திரையைப் பாருங்கள். தமிழகத்தில் வெயிலின் உச்சம் தொடங்கும் காலம். குளங்கள் வெடித்துக் கிடக்கும். ஆலயங்களில் இறைத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்கவிட்டு நீர் சொட்டச் செய்வர். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சித்திரை பெருமழை மாதம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல்தோறும் இடியும் மழையும் கூடி வரும். புத்தாண்டு நாளில் புத்தாடை நனையாமல் வீடு திரும்பியவர் பேறு பெற்றவர். பிறகு ஆடி. காவிரிக்கு அது புதுப்புனல் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் பெய்த மழையால் ஆறு பெருக, பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் கரையில் கூடிக் காதோலை கருகமணி இட்டு வழிபடுவர். இங்கே அதே தென்மேற்குக் காற்றைச் சுமாத்திரா தீவின் மலைகள் மறித்துக்கொள்கின்றன. எனவே ஆனியும் ஆடியும் சிலாங்கூருக்கு மழை குறைந்த மாதங்கள். ஆடிப்பெருக்கு நாளில் கிள்ளான் ஆறு பெரும்பாலும் பெருகுவதில்லை. அந்நாளில் இங்கு பொங்கல் வைத்து வணங்கும் தாய்மார்கள் தம் கண்முன் இல்லாத ஒரு வெள்ளத்தை வணங்குகிறார்கள். நினைவின் ஆற்றல் அத்தகையது.

ஐப்பசி மட்டும் இரு நாட்டுக்கும் பொருந்திவிடுகிறது. சோழ மண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழை அடைமழையாகப் பெய்யும் அதே வாரங்களில், கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஆண்டின் மிகுதியான மழை பெய்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் மாலை பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் குடையோடு நெருங்கி நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர். இத்தனை மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வருமா என்றால், வந்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டும் 2014-ஆம் ஆண்டும் வீடு வீடாகத் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. இரண்டு முறையும் தை, மாசியில் வறட்சி கூடி, அணைகள் தாழ்ந்தன. தைப்பூசத்தில் பத்து ஆறு மெலிந்து ஓடுவதன் காரணமும் இதுவே. ஆற்றில் நீர் மிகக் குறைந்திருக்கும் காலத்தில்தான் அதனிடம் மிகப் பெரிய கூட்டம் வந்து சேர்கிறது.

பெரும்பொழுதுகள் இங்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டாலும், சிறுபொழுதுகள் தெளிவாகவே நிற்கின்றன. எற்பாடு எனப்படும் பிற்பகல் நேரத்தில் மலைப்பக்கம் மேகம் கறுக்கும். மாலைப் பூசை மணியோடு மழை இறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் வைகறையில் கடற்பக்கத்திலிருந்து திடீரென்று சூறைக்காற்றும் மழையும் வரும். மீனவர் அதைச் சுமாத்திராக் காற்று என்பர். கோம்பாக் ஆறு காலையில் கணுக்காலளவு ஓடி, மாலையில் ஆளுயரம் பெருகி, நள்ளிரவில் மீண்டும் அடங்கும். பருவத்தை மாதத்தில் தேடுவதைவிட நாளில் தேட வேண்டிய நாடு இது. சிறுபொழுது வகுத்த புலவர் எவரேனும் இங்கு வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதுவரை சொன்னது ஓடும் நீர். நிற்கும் நீரைப் பற்றிப் பேசும்போது, அன்பர்களே, சற்று அச்சத்தோடும் நன்றியோடும் பேச வேண்டியிருக்கிறது. சதுப்பு நிலங்களைப் போற்றுங்கள் என்று இக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அது சரியே. ஆனால் அப்பிள்ளைகளின் பூட்டன் பூட்டிகளைச் சதுப்பு நிலம் கொன்றது என்பதையும் மறைத்தல் ஆகாது.

கோலாலம்பூரின் தோற்றமே ஒரு காய்ச்சல் கதை. 1857-ஆம் ஆண்டு கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்று வழியே கூடுமுகம் வரை வந்து, அம்பாங்கில் ஈயம் தேடிக் காட்டுக்குள் சென்றனர். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாகி, 18 பேரே எஞ்சினர் என்று வரலாறு கூறுகிறது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே காய்ச்சல் ஆற்றின் மறுமுனையில் எழுந்தது. 1901-ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் புதிய துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பெற்றது. அலையாத்திக் காட்டை வெட்டிச் சேற்றின்மீது எழுப்பிய துறைமுகம் அது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தோர் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடும் எண்ணம்கூட எழுந்தது.

அவ்வாண்டு தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாற்றலாகி வந்திருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை ஏட்டில் படித்ததோடு நில்லாமல் நிலத்தில் செய்துகாட்ட வாட்சன் முனைந்தார். நகரைச் சூழ்ந்த சதுப்பில் வடிகால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன, அடர்காடு திருத்தப்பட்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் இறந்தோர் 1901-இல் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். இவ்வெண்களை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்த்தல் நன்று. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த கூலியாட்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. அக்காலத்துக் கிள்ளானில் அத்தகைய வேலைக்கு வந்தவர்களில் தமிழர் மிகப் பலர் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. அதன் இரண்டாம் பகுதிதான் இன்றைக்கு மிகவும் தேவையான பாடம். கிள்ளானைச் சூழ்ந்த தாழ்நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் கூடியது. மருத்துவர்கள் திகைத்தனர். பின்னரே உண்மை புலப்பட்டது. தாழ்நிலத்தில் நோய் பரப்பியது நிழல் படிந்த சதுப்புக் குட்டைகளில் வளரும் அம்புரோசஸ் என்னும் கொசு. மலைநிலத்தில் நோய் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளரும் மாக்குலேட்டஸ் என்னும் வேறொரு கொசு. காட்டை வெட்டி ஓடையின்மீது வெயில் விழச் செய்தபோது, தெரியாமலேயே அக்கொசுவுக்குத் தொட்டில் கட்டித் தந்தாயிற்று. அதன் பிறகு மலையோடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டும், நீரின்மீது எண்ணெய் தெளித்தும் நோயை அடக்க வேண்டியதாயிற்று. வாட்சன் அந்நிலத்தடி வடிகால் முறையைக் கையாண்ட தோட்டங்களில் சீஃபீல்டும் ஒன்று. இன்று அது சுபாங் ஜெயாவின் வீடமைப்புப் பகுதி.

தெளிந்த நீர் நல்லது, கலங்கிய நீர் தீயது. காடு தீயது, திருத்திய நிலம் நல்லது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது என்பதை இத்தனை உயிர்கள் கொடுத்துத்தான் இந்நிலம் கற்பித்தது. ஒவ்வோர் இடத்து நீருக்கும் ஒவ்வோர் இயல்பு உண்டு. தோட்டந்தோறும் லயங்களுக்கு அருகே மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது தற்செயல் எனத் தோன்றவில்லை. மாரி என்றால் மழை. வேனில் நோய்களைத் தணிப்பவளும் அவளே. மழையும் நோயும் ஒரே அன்னையின் கையில் இருப்பதாகக் கருதி வணங்கிய அந்த எளிய மக்கள், நீரின் இருமுகத்தையும் ஏட்டறிவு இன்றியே அறிந்திருந்தனர்.

இனி, எஞ்சியிருக்கும் சதுப்பு நிலத்தைக் காண்போம். கிள்ளான் கரைக்கு எதிரே கிள்ளான் தீவு, கேத்தாம் தீவு முதலிய தீவுகளில் அலையாத்திக் காடுகள் இன்னமும் பரந்துள்ளன. படகில் செல்வோர் அவற்றை வெறும் சேற்றுப் புதர் என்றே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். சிவனடியார்கள் அவ்வாறு கடந்துபோகலாகாது. காரணம் இதுதான். தில்லைச் சிதம்பரத்தின் தலமரம் எது? தில்லை. அம்மரத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. தில்லை என்பது உப்பங்கழியோரத்தில் வளரும் அலையாத்தி மர வகை. இன்று சிதம்பரம் நகருக்குள் அது அரிது. கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளில் மிகுதியாக உண்டு. அதே மரம் மலாயாக் கரைகளிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்பதால் மலாய்க்காரர்கள் அதைப் ‘பூத்தா பூத்தா’ என்று அழைக்கின்றனர். பூத்தா என்றால் குருடு. தில்லைப் பாலின் கடுமையைத் தமிழகத்து மீனவரும் அறிவர். ஆடல்வல்லான் தன் அம்பலத்திற்குத் தேர்ந்துகொண்ட காடு ஆலங்காடோ சந்தனக் காடோ மட்டுமன்று. சேறும் உப்பும் கலந்த இத்தகைய காடும்தான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் பின்னால் இருந்த சிற்றூர்கள் வெளிப்படையான கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன.

கோலசிலாங்கூரில் இன்னொரு காட்சி. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் என்னும் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இரவானதும் அம்மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. கார்த்திகைத் தீபம் ஓராண்டில் ஒருநாள். இங்கே மழையற்ற ஒவ்வோர் இரவும் தீபம். மின்மினிப் புழுக்கள் கரையோரத்து ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்பவை. நன்னீரும் கடல்நீரும் ஓர் அளவில் கலந்தால்தான் அவ்வாழ்க்கை நிலைக்கும். கரையோரக் காட்டைச் செம்பனைக்கும் கட்டடத்திற்கும் திருத்தியதால் அவற்றின் தொகை குறைந்துவருவதாக ஆய்வாளர் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வருகின்றனர். அதே கடற்கரையில் ஐப்பசி முதல் பங்குனி வரை சைபீரியாவிலிருந்து வரும் கரைப்பறவைகள் சேற்றில் இரை தேடும். கோடிக்கரைக்கும் அதே மாதங்களில் வடநாட்டுப் பறவைகள் வருகின்றன. பறவைகளின் நாட்காட்டி இரு நாட்டிலும் ஒன்றாகவே இருப்பது ஓர் ஆறுதல்.

வெட்டிய ஈயச் சுரங்கங்கள் மழைநீர் நிரம்பி ஏரிகளானதும் உண்டு. தித்திவாங்சா ஏரி அவ்வாறு வந்தது. டெங்கில் அருகே பாயா இண்டா நீர்நிலைகளும் அவ்வாறே. அங்கே இன்று தாமரை பூக்கிறது. மண்ணைத் தோண்டிச் சிதைத்த இடத்திலும் நீர் வந்து சேர்ந்துவிட்டால் ஏதோ ஓர் உயிர் துளிர்த்துவிடுகிறது.

வெள்ளத்தைச் சொல்லாமல் கிள்ளான் ஆற்றைப் பேசி முடித்தல் இயலாது. 1881-இல் தீயும் வெள்ளமும் மரவீடுகளை அழித்த பின்னரே கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டும் முயற்சி தொடங்கிற்று. அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த ஆற்றோரக் களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகளும், யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசாமி கோயிலும் அம்மண்ணில்தான் எழுந்தன. 1926-இல் ஒரு பெருவெள்ளம். 1971 சனவரியில் மற்றொன்று. அதன் பின் ஆற்றை ஆழப்படுத்திக் கரைகளுக்குச் சிமெந்துச் சுவர் எழுப்பினர். 2007-இல் வெள்ளநீரும் வாகனங்களும் செல்லத்தக்க 9.7 கிலோமீட்டர் சுரங்கமும் திறக்கப்பெற்றது. இவையெல்லாம் நகரின் நடுப்பகுதியைப் பெரிதும் காத்தன என்பது உண்மை. ஆனால் மேலே விரைந்து ஓடும் நீர் கீழே எங்கோ நின்றாக வேண்டும்.

2021-ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில், திசம்பர் 18-ஆம் நாளையொட்டி, அது நின்றது. வடகிழக்குப் பருவக்காலத்தில் கிளந்தானும் திரங்கானுவும்தான் வெள்ளத்தில் மூழ்குவது வழக்கம். நடுவே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் சிலாங்கூரைக் காத்துவிடும். அம்முறை தீபகற்பத்தைக் கடந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒரு மாத மழையை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீட்டுக் கூரைகளைத் தொட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் பகுதி அது. மாடியிலும் கூரையிலும் இரவு முழுவதும் காத்திருந்தோர் பலர், உயிரிழந்தோரும் உண்டு. கோயில்களும் குருத்துவாராக்களும் பள்ளிவாசல்களும் இன வேறுபாடின்றிச் சமைத்துக் கொடுத்தன. ஆற்றங்கரையில் தாழ்ந்த நிலத்தைத் தூர்த்து வீடு கட்டும்போது, அந்நிலம் முன்பு வெள்ளத்தைத் தாங்கி வைத்திருந்த ஓர் ஏரி என்பதை எவரும் வாங்குவோரிடம் சொல்வதில்லை. சதுப்பு நிலத்தின் பயனை அறிய வேண்டுவோர் அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்டால் போதும்.

இனி, முன்பு ஒதுக்கி வைத்த செய்தி. ஆற்றோடு வருபவை யாவை? கிள்ளான் ஆற்றில் 2019-ஆம் ஆண்டு முதல் மிதக்கும் குப்பையை வாரும் இயந்திரப் படகு ஒன்று நிறுத்தப்பட்டது. உலகிலேயே அவ்வகையில் தொடக்க நாளில் அமைக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. இப்பெருமை வருந்தத்தக்க பெருமை. அதில் சேர்வன எல்லாம் ஆலயத்திலிருந்து வந்தவை அல்ல. தொழிற்சாலையும் சந்தையும் வீடும் தருபவையே மிகுதி. ஆயினும் பூச்சரம் கட்டிய நெகிழி நூல், கற்பூரப் பொட்டலம், பன்னீர்ப் புட்டி, பால்குடத்தை மூடிய நெகிழித் தாள், அருச்சனைத் தட்டின் உறை ஆகியவற்றுக்கு அடியார்களே பொறுப்பு. முன்னோர் ஆற்றில் விட்டவை வாழையிலை, பூ, மஞ்சள், சுடாத மண். அவை ஆற்றுக்கு உணவாயின. சடங்கு மாறவில்லை, பொருள்தான் மாறிவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக்குச் சுடாத களிமண்ணில் வண்ணம் பூசாமல் பிள்ளையார் பிடிக்கும் வழக்கத்தைச் சில ஆலயங்கள் மீட்டெடுத்திருப்பது பாராட்டுக்குரியது.

இறுதியாக, கிள்ளான் பகுதியில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. முழுமதி, மறைமதி நாள்களையொட்டிக் கடல் ஓதம் பெருகும். பழந்தமிழர் அந்நாள்களை உவா என்றனர். தைப்பூசமும், மலாக்காவில் சன்னாசிமலை ஆண்டவருக்கு விழா எடுக்கும் மாசி மகமும், தெலுக் இந்தானில் தண்டாயுதபாணிக்கு விழா எடுக்கும் சித்திரா பௌர்ணமியும் முழுமதியை ஒட்டியவை. அந்நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் 4 முதல் 5 மீட்டர் வரை வேறுபடும். ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுக்குள் புகுந்து கிள்ளான் நகரைத் தாண்டி மேலே ஏறும். மறைந்தோரின் அஸ்தியைக் கரைக்கப் பலரும் அக்கடலுக்கே செல்கின்றனர். ஏற்றம் தொடங்கும் வேளையில் விடப்படும் பூவும் துணியும் கடலுக்குப் போவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆற்றுக்குள்ளேயே திரும்பி வந்து அலையாத்தி வேர்களில் சிக்கிக்கொள்கின்றன. வற்றம் தொடங்கிய பின் விடப்படுபவையே நீரிணைக்குச் செல்லும். ஆகவே சடங்குக்கு நாள் குறிக்கும் குடும்பத்தினர் பஞ்சாங்கத்தில் இராகு காலம் பார்ப்பதோடு, அன்றைய ஓத அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். அல்லது படகோட்டியைக் கேட்டாலே போதும். மண்கலயமும், பருத்தித் துணியும், நூல் நீக்கிய பூவும் மட்டும் கொண்டுபோய், நீர் இறங்கத் தொடங்கியதும் விடலாம்.

திருச்சிற்றம்பலம்.